கண்ணாடியும் மரமும்: ஹைதராபாத் வெயிலில் இரு பொருள்களின் வெப்ப இயல்புகள்

ஓர் அறையில் இரவு முழுதும் கிடந்த கண்ணாடித் தகட்டையும் மரப்பலகையையும் காலையில் தொட்டுப் பார்க்கும் மாணவன், கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, மரம் அவ்வாறு இல்லை என்றே கூறுவான். உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே உஷ்ணநிலையில் இருப்பது தெரியவரும். இச்சோதனை பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. ஆனால் இதன் மறுபாதி பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. ஹைதராபாத்தைப் போன்ற ஊரில் அம்மறுபாதியை ஆண்டுதோறும் எவரும் காணலாம்.

மனிதனுடைய உள்ளங்கைத் தோலின் உஷ்ணநிலை ஏறக்குறைய 33 டிகிரி சென்டிகிரேட். ஜனவரி மாதக் காலையில் ஹைதராபாத் வீடொன்றின் உள்ளே உஷ்ணநிலை 20 டிகிரி எனக் கொள்வோமாயின், அங்குள்ள கண்ணாடியைத் தொட்ட கணத்தில் தோலும் கண்ணாடியும் கூடுமிடம் ஏறக்குறைய 26 டிகிரிக்கு இறங்குகிறது. மரத்தைத் தொட்டால் 29½ டிகிரி வரையில்தான் இறங்குகிறது. மே மாதப் பிற்பகலில் அதே அறை 42 டிகிரிக்கு ஏறியிருக்கும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறு. கண்ணாடியைத் தொட்ட இடம் 38 டிகிரிக்கு உயர, மரத்தைத் தொட்ட இடம் 35½ டிகிரி அளவிலேயே நின்றுவிடுகிறது. ஜனவரியில் "குளிர்ந்த பொருள்" எனப் பெயர் பெற்ற கண்ணாடி, நான்கு மாதங்களில் "சுடுகின்ற பொருள்" ஆகிவிடுகிறது. கை அறிவது பொருளின் உஷ்ணநிலையை அன்று. தோலிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகத்தையோ, தோலுக்குள் புகும் வேகத்தையோ தான் அது அறிகிறது.

இவ்வேகம் மூன்று இயல்புகளைப் பொறுத்தது: பொருளின் வெப்பங்கடத்து திறன், அடர்த்தி, ஒரு கிலோகிராம் பொருளை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையாகும் வெப்பமாகிய தன்வெப்பம். மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வரும் எண், கண்ணாடிக்கு மரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும். மேலே கூறப்பட்ட டிகிரிக் கணக்குகள் இவ்வெண்ணிலிருந்து பெறப்பட்டவையே.

இரு பொருள்களின் அமைப்பு

சாதாரண ஜன்னல் கண்ணாடியில் 70 சதவிகிதத்திற்குச் சற்று மேற்பட்ட பங்கு சிலிகா. எஞ்சியதில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். உருகிய நிலையிலிருந்து படிகமாகாமலே இறுகிவிடுவதால் கண்ணாடிக்குக் குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது. சூடேற ஏற அது மெல்ல இளகுகிறது. எத்திசையில் அறுத்தாலும், எத்திசையில் அளந்தாலும் அதன் இயல்புகள் ஒன்றே. பழைய மாளிகைகளின் ஜன்னல் கண்ணாடிகள் அடிப்பக்கம் தடித்திருப்பதற்குக் காரணம் கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் கீழ்நோக்கி வழிந்திருப்பதே எனச் சில பாடநூல்களில் காணப்படும் கூற்றை ஆசிரியர்கள் நீக்கிவிடுவது நல்லது. அறையின் உஷ்ணநிலையில் கண்ணாடி அவ்வாறு வழிவதில்லை. அக்காலத்துத் தகடுகள் சீரான கனத்துடன் செய்யப்படவில்லை என்பதே உண்மை. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமான தகடு செய்யும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல்தான் வெளியிட்டது.

மரமோ இதற்கு முற்றிலும் வேறுபட்டது. அது உள்ளீடற்ற நுண்குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்களின் அடர்த்தி எம்மரத்திலும் நீரின் அடர்த்தியைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆதிலாபாத் காடுகளில் விளையும் தேக்கு நீரில் மிதப்பதற்குக் காரணம், உலர்ந்த தேக்கின் கன அளவில் பாதிக்கு மேல் காற்றே நிறைந்திருப்பதுதான். நிர்மல் பொம்மைகளுக்குப் பயன்படும் பொனிகி மரம் தேக்கினும் மிக இலேசானது. அதில் காற்றின் பங்கு இன்னும் அதிகம். காற்று வெப்பத்தை அரிதாகவே கடத்துவதால், மரம் எவ்வளவு இலேசானதோ அவ்வளவுக்கு அது வெப்பத்தைத் தடுக்கிறது.

இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1987-ல் வெளியிட்ட கட்டிடக் கைநூலில் இவற்றின் அளவுகள் தரப்பட்டுள்ளன. ஒரு கன மீட்டருக்கு 2350 கிலோகிராம் அடர்த்தியுள்ள ஜன்னல் கண்ணாடியின் வெப்பங்கடத்து திறன், மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.814 வாட். 720 கிலோகிராம் அடர்த்தியுள்ள மரத்திற்கு அது 0.144, 480 கிலோகிராம் அடர்த்தியுள்ள மரத்திற்கு 0.072 மட்டுமே. சுட்ட செங்கல்லின் திறன் 0.811, அதாவது இவ்வகையில் கண்ணாடியும் செங்கல்லும் ஏறக்குறைய ஒன்றே! 25 மில்லிமீட்டர் கனமுள்ள மரப்பலகை தரும் தடையைக் கண்ணாடியைக் கொண்டு பெறவேண்டுமாயின் 14 சென்டிமீட்டர் கனமுள்ள கண்ணாடி தேவைப்படும்.

தன்வெப்பத்தில் மாணவர் தவறுவதற்கு ஓர் இடம் உண்டு. கிலோகிராமுக்குக் கணக்கிட்டால் மரம் (1.68 கிலோஜூல்) கண்ணாடியைப்போல் (0.88 கிலோஜூல்) ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தை ஏற்கிறது. ஆனால் கட்டிடத்தில் பொருளை எடையால் அளந்து வைப்பதில்லை, கன அளவால்தான் வைக்கிறார்கள். கன மீட்டருக்குக் கணக்கிட்டால் கண்ணாடி 2068 கிலோஜூலும் மரம் 1210 கிலோஜூலும் ஏற்பதாகி, வரிசை மாறிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் அளத்தல்

அரிதில் கடத்தும் பொருள்களின் கடத்து திறனை அளக்கக் கல்லூரிகளில் லீஸ் தட்டு முறை கையாளப்படுகிறது. மூன்று கயிறுகளில் தொங்கவிடப்பட்ட பித்தளைத் தட்டின் மேல் சோதனைப் பொருளின் மெல்லிய வட்டமும், அதன் மேல் நீராவி பாயும் பேழையும் வைக்கப்படுகின்றன. மேலும் கீழுமுள்ள உஷ்ணமானிகள் மாறாத நிலையை அடைந்தபின், கீழ்த்தட்டு குளிரும் வேகத்தைத் தனியே அளந்து, வட்டத்தின் ஊடே சென்ற வெப்பத்தைக் கணக்கிடுகின்றனர்.

ஹைதராபாத்தில் இச்சோதனையைச் செய்வோர் நீராவியின் உஷ்ணநிலையை 100 டிகிரி என்று ஏட்டில் எழுதிவிடுதல் கூடாது. நகரம் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 540 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 98 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. மரத்திற்கு இந்த இரண்டு டிகிரியால் பெரிய நட்டமில்லை. கண்ணாடிக்கோ, வட்டத்தின் இரு முகங்களுக்கும் இடையேயுள்ள உஷ்ண வேறுபாடே சில டிகிரிகள்தாம். அங்கு இரண்டு டிகிரிப் பிழை விடையையே கெடுத்துவிடும். கண்ணாடிக்கும் பித்தளைக்கும் இடையே சிக்கும் மெல்லிய காற்றுப் படலமும் இதைப் போன்றதொரு பிழையை விளைவிக்கும். ஒரு துளி கிளிசரினைப் பூசுதல் இதற்குப் பரிகாரமாகும்.

மரவட்டத்தில் வேறு இரு இடர்கள் உள. முதலாவது, வட்டம் எவ்வாறு வெட்டப்பட்டது என்பது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பெற்ற வட்டத்தில் வெப்பம் நாரின் வழியே ஓடும். பலகையிலிருந்து வெட்டிய வட்டத்தில் நாருக்குக் குறுக்கே ஓடும். முன்னதின் கடத்து திறன் பின்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நார் ஓட்டத்தைக் குறிப்பிடாமல் "மரத்தின் கடத்து திறன்" என்று ஓர் எண்ணை எழுதுவதில் பொருள் இல்லை. இரண்டாவது, மரத்திலுள்ள ஈரம். நீராவிப் பேழையின் சூட்டில் வட்டம் உலர்ந்துகொண்டே போவதால், ஒரு மணி நேரத்திற்கு முன் கண்ட அளவும் பின் கண்ட அளவும் ஒத்து வரமாட்டா. சோதனைக்கு முன்னும் பின்னும் வட்டத்தை நிறுத்துப் பார்த்து எடையைக் குறித்துவைக்கும் மாணவனே இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கூற வல்லவனாவான்.

கண்ணாடியின் ஊடே வெயில்

ஆய்வுக்கூடத்து எண்களைக் கொண்டு மட்டும் ஜன்னலைத் தீர்மானிப்போர் ஏமாற்றமடைவர். 6 மில்லிமீட்டர் கண்ணாடியின் தடையைக் கணக்கிட்டால், ஜன்னல் முழுவதும் தரும் தடையில் அது நூற்றுக்கு நான்கு பங்குதான். எஞ்சிய தொண்ணூற்றாறு பங்கும் கண்ணாடியின் இருபுறத்திலும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களுக்கு உரியது. ஆதலால் 6 மில்லிமீட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டர் கண்ணாடியைப் பொருத்துவதால் கடத்தல் அவ்வளவாகக் குறைவதில்லை. இரு கண்ணாடிகளுக்கு இடையே காற்றை அடைத்து வைத்தால்தான் அது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

ஆயினும் வெயில் படும் ஜன்னலில் கடத்தல் சிறுபங்கே. சூரிய ஒளியிலுள்ள சக்தியின் பெரும்பகுதி குறுகிய அலைநீளம் கொண்டது. சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவிகிதத்திற்கு மேல் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே நுழைந்த ஒளி தரையிலும் மேசையிலும் பட்டு வெப்பமாக மாறி, அவை மீண்டும் வீசும் நீண்ட அலைநீளக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. இதை விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு முழத் தொலைவில் நிறுத்தி, முகத்திற்கும் அதற்கும் இடையே ஒரு கண்ணாடித் தகட்டைப் பிடித்தால் கன்னத்தில் உறைத்த வெப்பம் உடனே நின்றுவிடும். அதே தகட்டை வெயிலில் பிடித்தால் வெப்பம் சிறிதளவே குறையும். சில நிமிடங்கள் சென்றபின் தகடு தானே சூடேறிக் கதிர்வீசத் தொடங்குமாதலால், சோதனையை விரைந்து முடித்தல் வேண்டும்.

ஹைதராபாத் வடக்கு அட்சம் 17.4 டிகிரியில் உள்ளது. சூரியன் மே 9-ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் 3-ஆம் நாளை ஒட்டியும் நண்பகலில் அங்கே நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாள்களில் நிமிர்த்தி நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. ஆகவே கடுங்கோடையில் தெற்குச் சுவரின் ஜன்னலில் நேர் வெயில் அநேகமாகப் படுவதே இல்லை. சாய்ந்த வெயிலை நேராக வாங்கிக்கொள்வன கிழக்கு, மேற்கு ஜன்னல்களே. அவற்றுள் மேற்கு ஜன்னல், ஊர் முழுதும் சூடேறியுள்ள வேளையில் வெயிலை ஏற்பதால் கொடியது.

மேற்கு நோக்கிய ஒரு சதுர மீட்டர் ஜன்னலில் 600 வாட் வெயில் விழுவதாகவும், வெளிக்காற்று உட்காற்றைவிட 10 டிகிரி கூடுதலாக இருப்பதாகவும் வைத்துக் கணக்கிடலாம். சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் வழியே ஒளியாக நுழையும் வெப்பம் ஏறக்குறைய 490 வாட். கடத்தலால் நுழைவது 57 வாட். ஆக 550 வாட்டை ஒட்டி. அதே இடத்தில் கண்ணாடிக்குப் பதிலாக 25 மில்லிமீட்டர் மரக்கதவு மூடியிருந்தால், வெயிலில் கதவின் வெளிமுகம் சூடேறுவதையும் சேர்த்து உள்ளே வருவது ஏறக்குறைய 85 வாட்தான். கண்ணாடிக்கும் மரத்திற்கும் இவ்வாறு ஆறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு வருகிறது. கண்ணாடிக்கு உட்புறம் திரை தொங்கவிடுவது இதற்கு ஈடாகாது. திரையில் பட்ட வெயில் அறைக்குள்ளேயே வெப்பமாகி, வந்த வழியே திரும்ப முடியாமல் தங்கிவிடுகிறது. மரக்கதவோ, மூங்கில் தட்டியோ, சாரமோ கண்ணாடிக்கு வெளியில் இருந்தால்தான் முழுப்பயன் தரும். ஒளி வேண்டும் நேரத்தில் திறக்கவும், வெயில் ஏறும் நேரத்தில் மூடவும் ஆன மரக்கதவுகளுடன் பழைய வீடுகள் கட்டப்பட்டதன் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் கட்டிடம் 1998-ல் திறக்கப்பட்டதற்குப் பின்னர், நகரின் மேற்குப் பகுதியில் கண்ணாடி முகப்புடைய அலுவலகங்கள் பெருகின. குளிர்நாடுகளில் கண்ணாடி முகப்பு வெயிலை உள்ளே பிடித்துவைக்க உதவும். ஹைதராபாத்தில் அவ்வாறு பிடிபட்ட வெயிலை வெளியேற்ற மின்சாரம் செலவிடவேண்டியுள்ளது. அதே வட்டாரத்தில் 2004 ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் திறந்துவைத்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் மற்றொரு வழியைக் காட்டிற்று. முற்றத்தைச் சூழ்ந்த அமைப்பு, துளைகளிட்ட ஜாலிச் சுவர்கள், காற்றைக் குளிர்வித்து இறக்கும் காற்றுக் கோபுரங்கள், இரட்டைக் கண்ணாடி, கூரைத் தோட்டம் ஆகியவை அங்கே ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளன. அது கண்ணாடியை அறவே ஒதுக்கிய கட்டிடம் அன்று.

மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007-ல் முதன்முதலாக வெளிவந்து 2017-ல் திருத்தப்பட்டது. பெரிய வணிகக் கட்டிடங்களுக்கான அத்திருத்தத்தின்படி, கண்ணாடிப் பரப்பு வெளிச்சுவர்ப் பரப்பில் 40 சதவிகிதத்தைத் தாண்டலாகாது. ஹைதராபாத் அடங்கிய கலப்பு வானிலைப் பகுதியில், வடக்கல்லாத திசைகளிலுள்ள ஜன்னல் வெயிலின் வெப்பத்தில் 27 சதவிகிதத்திற்கு மேல் உள்ளே விடலாகாது. சாதாரணக் கண்ணாடி விடுவது 80 சதவிகிதத்திற்கு மேல் என்பதை இத்துடன் ஒப்பிடின் விதியின் கடுமை விளங்கும்.

வெப்பத்தால் விரிதல், ஈரத்தால் பருத்தல்

பொருள்கள் வெப்பத்தால் விரியும் என்ற பாடத்தைக் கேட்ட மாணவன், மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதைக் கண்டு குழப்பமடைவது இயல்பு. சித்திரை வெயிலில் தாராளமாக மூடிய கதவு, வெயில் தணிந்த ஆவணியில் ஏன் மூட மறுக்கிறது?

தேக்கின் நாருக்குக் குறுக்கான விரிவெண்ணை டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 35 பங்கு எனக் கொண்டால், 30 சென்டிமீட்டர் அகலப் பலகை 25 டிகிரி சூடேறும்போது விரிவது கால் மில்லிமீட்டர்தான். ஈரத்தின் ஆட்டம் இதனினும் பெரிது. ஹைதராபாத்தில் கோடைப் பிற்பகல்களில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவிகித அளவுக்கு இறங்குகிறது. ஆகஸ்ட் காலைகளில் 80 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. காற்றுடன் சமநிலை கொள்ள முயலும் மரம் கோடையில் ஈரத்தை விட்டும் மழைக்காலத்தில் ஏற்றும் மாறுகிறது. அதன் ஈரம் 7 சதவிகிதத்திலிருந்து 13 சதவிகிதத்திற்கு உயர்ந்தால், அதே தேக்குப் பலகை ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 3½ மில்லிமீட்டர் பருக்கிறது. இது வெப்பத்தால் வரும் விரிவைப்போல் பத்து மடங்குக்கும் மேல். வெயிலில் சூடேறும் மரப்பலகை, வெப்பத்தால் விரிவதைக் காட்டிலும் ஈரமிழந்து சுருங்குவதே மிகுதி. நீளவாட்டில் இம்மாறுதல் அநேகமாக இல்லை.

இதைத் தச்சர்கள் எண்களின்றியே அறிந்திருந்தனர். சட்டத்தில் காடி எடுத்து அதற்குள் பலகையைப் பசையின்றி நுழைத்துச் செய்யும் கதவில், பலகை அகலவாட்டில் பருக்கவும் சுருங்கவும் இடமுண்டு. சட்டங்களின் நீளம் மாறாமையால் கதவின் வெளியளவு பெரிதாக மாறுவதில்லை. ஈரம் வற்றாத மரத்தில் செய்த கதவுக்கு எந்த வேலைப்பாடும் துணை செய்யாது. இந்தியத் தர நிர்ணய விதி 287, காற்றின் ஈரப்பதத்தை ஒட்டி நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மரத்தில் எஞ்சியிருக்கக்கூடிய ஈரத்தின் உச்ச அளவை ஒவ்வொன்றுக்கும் வகுத்துள்ளது. கடற்கரை ஊரொன்றில் உலர்ந்ததாகக் கருதப்படும் பலகை தெலங்கானாவின் கோடையில் வெடிப்பதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது. பள்ளிக்கூடத்துக்குத் தளவாடம் வாங்குவோர் மர வகையைக் கேட்பதோடு மரத்தின் ஈர அளவையும் கேட்டல் வேண்டும்.

கண்ணாடி ஈரத்தால் பருப்பதில்லை; வெப்பத்தாலும் சிறிதே விரிகிறது, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 9 பங்கு. ஆனால் அது வளைந்து கொடுக்காது. ஒரே தகட்டின் நடுப்பகுதி சூடேறி விளிம்பு குளிர்ந்திருந்தால், ஏறக்குறைய 40 டிகிரி வேறுபாட்டிலேயே விளிம்பில் வெடிப்புத் தொடங்கக்கூடும். எரியும் லாந்தரின் சிம்னி மேல் மழைத்துளி பட்டால் அது வெடிப்பதும் இதனாலேயே. தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிநீரை ஊற்றினால் மெல்லிய குவளையைவிட எளிதில் வெடிக்கிறது, ஏனெனில் உள்முகச் சூடு வெளிமுகத்தை எட்ட நேரம் ஆகிறது. ஆய்வுக்கூடப் போரோசிலிகேட் கண்ணாடியின் விரிவெண் 3.3 மட்டுமே ஆதலால் அது தாங்குகிறது.

இதில் களப்பணியாளர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெயிலை மறைப்பதற்காக வகுப்பறை ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் கருங்காகிதம் ஒட்டுவதும் கரிய வர்ணம் பூசுவதும் வழக்கமாயிருக்கிறது. வெயிலை ஏற்றுச் சூடேறும் அம்மறைப்புக் கண்ணாடியின் நடுப்பகுதியைச் சுடவைக்க, சட்டத்தினுள் மறைந்துள்ள விளிம்பு குளிர்ந்தே நிற்கிறது. விளிம்பில் ஏற்கெனவே சிறு சில்லு பெயர்ந்திருந்தால் தகடு பிளந்துவிடும். வெளிப்புறத்தில் தட்டி கட்டினால் இவ்வபாயமும் இல்லை, அறையும் குளிர்ந்திருக்கும்.

நெருப்பிலும் இவ்விரு பொருள்களும் எதிர்பார்த்ததற்கு மாறாகவே நடந்துகொள்கின்றன. எரியாத கண்ணாடி தொடக்கத்திலேயே உடைந்து காற்றுக்கு வழிவிடுகிறது. எரியக்கூடிய தடித்த மர உத்தரமோ மேற்புறம் கரியாகி, அக்கரியே உள்மரத்திற்குப் போர்வையாவதால் நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தேய்கிறது.

கதவின் பருத்தலை மாணவர்களைக் கொண்டு அளப்பித்தல் எளிது. பள்ளியின் பழைய மரக்கதவு ஒன்றைத் தேர்ந்து, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் முதல் நாள் காலையில், கதவுக்கும் நிலைக்கும் இடையேயுள்ள இடைவெளியில் அஞ்சலட்டைத் துண்டுகளைச் செருகி, எத்தனை துண்டுகள் நுழைகின்றன என்று குறித்துவருதல் வேண்டும். அருகில் உலர்குமிழ், ஈரக்குமிழ் உஷ்ணமானிகளின் அளவுகளையும் எழுதவேண்டும். கதவின் ஒரே உயரத்தில், தாழ்ப்பாள் உள்ள பக்கத்திலேயே அளக்கவேண்டும். கீல் உள்ள பக்கத்தில் இடைவெளி அவ்வளவாக மாறுவதில்லை. ஜூன் நடுவில் முதல் மழை பெய்த மறுநாளே கதவு இறுகிவிடும் என எதிர்பார்த்தலும் ஆகாது. தடித்த பலகையின் உட்பகுதியை ஈரம் எட்ட வாரக்கணக்கில் ஆகும். வர்ணம் பூசிய கதவில் அது இன்னும் தாமதிக்கும்.